ஏரியும் எண்ணிக்கையும்

நுழையும்முன்

மக்கள்தொகை பெருகுகிறது என்றவுடன் குழந்தைகள் மிகுதியாகப் பிறக்கின்றன என்று எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணம் எல்லா இடங்களுக்கும் பொருந்துமா? புதுச்சேரியின் கணக்கெடுப்பைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

நான்கு வழிகள்

புதுச்சேரி நகருக்கு வடமேற்கே, தமிழ்நாட்டின் வானூர்ப் பகுதியை ஒட்டி அமைந்த ஊர் சேதராப்பட்டு. இங்குள்ள தொழிற்பேட்டையை நாடி அண்டை மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர். ஊருக்கு அருகில் இருக்கிறது ஊசுட்டேரி. மக்கள்தொகைக் கணக்கை நடுநிலைப்பள்ளி மாணவருக்கும் விளங்கவைக்க அந்த ஏரி ஒன்றே போதும்.

ஏரியில் நேரே பெய்யும் மழை பிறப்பு; கால்வாய் வழியே வந்து சேரும் நீர் குடிவரவு. வெயிலில் ஆவியாகும் நீர் இறப்பு. மதகு வழியே வெளியேறும் நீர் குடிபெயர்வு. நீர்மட்டம் உயர்ந்ததைக் கண்டு, 'மழை மிகுதி' என்று உடனே முடிவு செய்தல் தவறு. மழை குறைந்த ஆண்டிலும் கால்வாயில் வெள்ளம் வந்தால் ஏரி நிரம்பும் அல்லவா?

எண்கள் உணர்த்துவது

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகை 2001இல் 9,74,345; 2011இல் 12,47,953. பத்தாண்டு வளர்ச்சி 28 விழுக்காடு. அதே காலத்தில் இந்தியாவின் வளர்ச்சி ஏறத்தாழ 17.7 விழுக்காடு, தமிழ்நாட்டின் வளர்ச்சி 15.6 விழுக்காடு. இவ்வெண்களை மட்டும் காண்போர் புதுச்சேரியில் பிறப்பு மிகுதி என்றே கருதுவர்.

உண்மை வேறு. அப்பத்தாண்டில் புதுச்சேரியில் ஆயிரம் பேருக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 17 பிறப்புகளும் 7 இறப்புகளும் நிகழ்ந்தன. இந்தியப் பிறப்பு வீதமோ 22 முதல் 25 வரை இருந்தது. ஆயிரத்துக்குப் பத்துப் பேர் கூடினால், பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் கூடுவர். ஆனால், கூடியவரோ 2,73,608 பேர். எஞ்சிய பெரும்பகுதியினர் பிற ஊர்களிலிருந்து வந்து குடியேறியவர் என்பது இக்கணக்கால் புலனாகும். ஏரியை நிறைத்தது மழையன்று; கால்வாயே.

காரணத்தைப் பிழையாகக் கண்டால் தீர்வும் பிழையாகும். பிறப்பால் பெருகும் ஊருக்கு மகப்பேறு மருத்துவமும் தொடக்கப்பள்ளிகளும் முதல் தேவை. குடிவரவால் பெருகும் ஊருக்கு வாடகை வீடுகள், குடிநீர், கழிவுநீர் வசதி, பேருந்து, வேறு தாய்மொழி பேசும் குழந்தைகளுக்கான கல்வி ஆகியன உடனடித் தேவைகள்.

எண்ணப்படுதல் என்னும் உரிமை

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒருவரை அவர் வழக்கமாகத் தங்கும் இடத்திலேயே எண்ணுகிறது. வானூரிலிருந்து நாள்தோறும் வந்து வேலை முடித்துத் திரும்புபவர் புதுச்சேரிக் கணக்கில் சேரார். சேதராப்பட்டிலேயே அறை எடுத்துத் தங்கி உழைப்பவர் சேர்வார். வீடற்றோரும் விடுபடுவதில்லை. 2011ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இரவில், தெருவோரம் உறங்கியோர் கணக்கெடுக்கப்பட்டனர்.

எண்ணிக்கை ஏட்டோடு நிற்பதன்று. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப் பயனாளர் அளவு 2011 கணக்கெடுப்பைக் கொண்டே வரையறுக்கப்பட்டது. 2021இல் நிகழவேண்டிய கணக்கெடுப்பு கொரோனாப் பெருந்தொற்றால் தள்ளிப்போனது. இடைப்பட்ட காலத்தில் பிறந்தோரும் குடியேறியோரும் பழைய எண்ணிக்கைக்குள் அடங்கார். கணக்கு பழையதாயின் பங்கீடும் குறைவுபடும். அக்குறைவு முதலில் எளியோரையே தாக்கும். எனவே, வந்தவரைச் சுமை என்று கருதாது, அவரையும் ஊரின் கணக்கில் சேர்த்துத் திட்டமிடுவதே அறிவுடைமை.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் நாடு முழுவதும் ஒரே காலத்தில் நடந்த முதல் கணக்கெடுப்பு 1881ஆம் ஆண்டினது. இந்திய மக்கள்தொகை, 1911-1921 பத்தாண்டில் சிறிது குறைந்தது. 1918இல் பரவிய நச்சுக்காய்ச்சல் அதற்கு முதன்மைக் காரணம். கணக்கெடுப்பில் தனிமனிதர் தரும் விவரங்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியிடப்படாமல் காக்கப்படுகின்றன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் தெருவில் உள்ள பத்து வீடுகளில், பிறப்பு, இறப்பு, குடிவரவு, குடிபெயர்வு ஆகியவற்றால் ஐந்தாண்டுகளில் நேர்ந்த மாற்றத்தைப் பெயர் குறிப்பிடாமல் அட்டவணைப்படுத்துக.

2. ஏரி உவமையைப் பயன்படுத்தி, ஏழாம் வகுப்பு மாணவருக்கு மக்கள்தொகை மாற்றத்தை விளக்கும் ஐந்து நிமிட உரையை ஆயத்தம் செய்க.