மனை நீரும் மறுகாலும்: தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் கட்டடம் கட்டுவோருக்கு ஒரு பாடம்

பொதிகையில் உற்பத்தியாகிப் புன்னைக்காயலுக்கு அருகே கடலில் கலக்கும் தாமிரபரணியின் நீளம் ஏறக்குறைய 128 கிலோமீட்டரேயாகும். இக்குறுகிய தூரத்திற்குள் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் அமைந்துள்ளன. அவற்றினின்று பிரியும் கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால், நெல்லைக் கால் முதலிய கால்வாய்கள் வயல்களுக்கு நீர் பாய்ச்சுவதோடு வழிநெடுகிலும் குளங்களை நிரப்பிச் செல்கின்றன. இவ்வேற்பாடு பாசனத்தின்பொருட்டே ஏற்பட்டதென்று பொதுவாகக் கருதப்படுகிறது. அது பாதி உண்மையே. குளம் நிரம்பியபின் மிகுந்த நீர் மறுகால் வழியே அடுத்த குளத்திற்கும், அங்கிருந்து அதற்கடுத்த குளத்திற்கும், முடிவில் ஓடைக்கோ ஆற்றுக்கோ போய்ச் சேரும்படி முன்னோர் மட்டம் பார்த்து அமைத்திருக்கின்றனர். ஆதலின் பாசனத்திற்குரிய அதே ஏற்பாடு மழைநீர் வடிகாலுமாகும். பிற ஜில்லாக்களில் கலிங்கு என்று வழங்குவதை இங்கே மறுகால் என்பர். நாங்குநேரிப் பக்கத்தில் மறுகால்குறிச்சி என்று ஓர் ஊரே உண்டு. இப்பிரதேசத்தில் மனை வகுக்கும் என்ஜினீயரும், வீட்டுக்குத் திட்டம் வரையும் கட்டடக் கலைஞரும் முதன்முதல் அறியவேண்டிய சொல் இதுவே.

இதை அறியாமையால் விளையும் கேடு 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் வெளிப்பட்டது. 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. குளங்கள் பல உடைந்தன. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னை சென்ற வண்டி நின்றுவிட, ஏறக்குறைய 800 பிரயாணிகள் அகப்பட்டுக்கொண்டனர். அப்பாலுள்ள பாதையில் தண்டவாளத்தின் கீழிருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டு, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. நீர் செல்லும் திசைக்குக் குறுக்கே போடப்படும் எந்த மேடும், ரயில் பாதையாயினும் சரி, தார் ரோடாயினும் சரி, அன்றைய தினம் கரையாகிவிடுகிறது. அதில் மறுகால் போதிய அகலமாயில்லாவிடில் நீர் தானே வழி செய்துகொள்ளும். திருநெல்வேலியில் கொக்கிரகுளம் ஆற்றங்கரையிலுள்ள கலெக்டர் அலுவலகத்தையும் வெள்ளம் சூழ்ந்தது.

பேய்மழைக்கு யார் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். சாதாரண மழைக்கே செய்யத்தக்கது செய்யப்படாமலிருப்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கிறது. 200 சதுர மீட்டர் மனை ஒன்றில் மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை பெய்வதாகக் கொள்க. வெறும் இளகிய மண்ணாயிருந்த காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு வெளியே ஓடியதெனில், ஒரு மணியில் அம்மனை விட்டது 2,000 லிட்டர். இப்போது அதில் 120 சதுர மீட்டருக்கு வீடு கட்டி, மீதி 80 சதுர மீட்டருக்கும் சிமெண்டுத் தளம் போட்டாயிற்று. கூரையில் விழுவதில் நூற்றுக்கு 90 பங்கும், தளத்தில் விழுவதில் 85 பங்கும் ஓடிவிடும். ஆக 8,800 லிட்டர். இத்தகைய மனைகள் 300 கொண்ட குடியிருப்பிலிருந்து முன்பு வினாடிக்கு 0.17 கன மீட்டர் ஓடிய இடத்தில் இப்போது 0.73 கன மீட்டர் ஓடும். வயற்காலத்தில் போட்ட பழைய குழாய்ப் பாலம் இதை எவ்வாறு தாங்கும்? தெருவில் நீர் நின்றால் கால்வாயின்மீது பழி சொல்லப்படுகிறது. முற்றத்திற்குத் தளம் போட்டவரை ஒருவரும் கேட்பதில்லை.

பரிகாரமும் இக்கணக்கிலேயே இருக்கிறது. முற்றத்தை மண்ணாகவே விட்டால் அதிலிருந்து ஓடுவது 800 லிட்டரே. கூரையின் 5,400 லிட்டரில் 3,000 லிட்டரை ஒரு தொட்டியிலும், மேலும் கொஞ்சத்தை ஊறல் குழியிலும் நிறுத்தலாம். ஒன்றரை மீட்டர் சதுரமும் இரண்டு மீட்டர் ஆழமும் உள்ள குழியின் கொள்ளளவு 4,500 லிட்டர் என்று பலர் எழுதிவிடுகின்றனர். குழியைக் கருங்கல் சல்லியால் நிரப்பினால் கற்களின் இடைவெளி ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்குதான். எனவே உண்மையில் கொள்வது 1,800 லிட்டர். அப்படியும் அம்மனையை விட்டு வெளியேறுவது 1,400 லிட்டராகக் குறைகிறது, அதாவது வெறும் மண்ணாயிருந்த காலத்தினும் குறைவு. தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் மாடியிலிருந்து ஒரு குழாய் இறங்கி மண்ணில் முழத்தளவு புதைந்து நிற்பதையே சேகரிப்பென்று காட்டும் வீடுகள் இன்றும் உள்ளன.

குழி வெட்டுமுன் மண்ணைப் பரீட்சித்தல் இன்றியமையாதது. முழ ஆழத்திற்கு ஒரு சிறு குழி தோண்டி, நீர் நிரப்பி ஊறவிட்டு, மறுபடி நிரப்பி, ஒரு மணியில் எவ்வளவு இறங்குகிறதென்று அளக்க வேண்டும். சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலில் நீர் கண்ணெதிரே மறையும். பாறையின்மேல் சொற்ப மண்ணே உள்ள செம்மண் மேடுகளில் குழியின் ஆழத்தைக் குறைத்து நீளமாக வெட்டுதல் நலம். ஆற்றை அடுத்த நஞ்சை நிலமோ வேறு வகை. தலைமுறை தலைமுறையாகத் தொளி கலக்கி நெல் நட்ட வயலில், நீர் கீழே இறங்காதபடி ஓர் அடுக்கு இறுகியிருக்கும். உழவன் வேண்டிச் செய்தது அது. அத்தகைய வயலை மனையாக்கிவிட்டு, ஊறல் குழி வெட்டினோம் என்று திருப்தியடைவது பயனற்றது. அங்கே தொட்டியே கதி. அதைக் காட்டிலும் முக்கியம், வயலுக்கு இருந்த வடிகாலை மூடாமல் விடுதல். எவ்விடத்தாயினும் குழி அஸ்திவாரத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும்; கரிசலில் அஸ்திவாரத்தருகே நீரை ஊறவிட்டால் மண் உப்பிச் சுவர் வெடிக்கும்.

இவ்வளவும் சாதாரண மழைக்கே. காயல்பட்டினத்தில் அன்று பெய்த மழை மேற்கண்ட 120 சதுர மீட்டர்க் கூரையில் விழுந்தால் 1,14,000 லிட்டர் சேரும். தொட்டியும் குழியும் அதற்கு எம்மாத்திரம்? சீன தேசத்தில் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சும் நகரங்கள் அமைக்கப் பத்தாண்டுகளாகப் பெரும்பொருள் செலவிடப்பட்டது. அத்திட்டத்தில் ஈடுபட்டிருந்த செங்சவ் நகரில் 2021 ஜூலை 20ஆம் தேதி ஒரே மணியில் 201.9 மில்லிமீட்டர் பெய்து, சுரங்க ரயிலுக்குள்ளேயே வெள்ளம் புகுந்து உயிர்கள் மாண்டன. உறிஞ்சுதல் தவறென்பது இதன் பொருளன்று. கரையும் மடையும் அமைத்ததோடு நில்லாமல், கரை கொள்ளாத நாளுக்கென்று மறுகாலையும் அமைத்த குளம் கட்டியவரின் யோசனையே வேண்டுவது. வீட்டுக்கும் அப்படியே.

வீட்டின் மறுகாலாவது, தொட்டியும் குழியும் நிரம்பியபின் நீர் எவ்வழியே மனையை விட்டுப் போகும், எங்கே போகும் என்பதற்கு வரைபடத்தில் வரைந்து காட்டத்தக்க விடை. தொட்டியின் வாயிலிருந்து ஒரு வழிகுழாய், அதிலிருந்து தெரு வடிகாலுக்கு வாட்டம், அங்கிருந்து ஓடை அல்லது குளம் என்று கடைசிவரை தொடர வேண்டும். சுற்றுச்சுவர் தாழ்ந்த பக்கத்தில் தரைமட்டத்தில் கம்பியிட்ட திறப்புகள் வைத்துக் கட்டப்பட வேண்டும். இல்லையேல் அது கரையாகி, ஒரு பக்கத்து நீரை அயலார் வீட்டுக்குத் தள்ளும், அல்லது இடிந்து விழும். தரைமட்டத்தைத் தெருவைக் கொண்டு நிச்சயிப்பது கொத்தனார் வழக்கம். தெருவோ தார் போடுந்தோறும் உயர்கிறது. 1992, 2023 வெள்ளங்களின் குறி பழைய சுவர்களில் எங்கே நின்றதென்று முதியோரைக் கேட்டு, அதற்கு மேலே தரையை வைப்பதே புத்தி. மேலும் மனை வாங்குமுன் கிராமக் கணக்கையும் புல வரைபடத்தையும் பார்த்தால், இன்று புதர் மண்டிக் கிடக்கும் பள்ளம் ஓடையென்று எழுதப்பட்டிருப்பது தெரியவரும். சில இடங்களில் பெயரே போதும். திருநெல்வேலிப் புதிய பேருந்து நிலையம் இருக்குமிடம் வேய்ந்தான்குளம்.

வெள்ளத்தோடு சண்டையிடாத கட்டடத்தைக் காண விரும்புவோர் குறுக்குத்துறைக்குப் போகலாம். அங்கே முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரும் திசையில் அதன் சுவர் படகின் முனைபோல் நீரைப் பிளந்து இருபுறமும் விலக்குமாறு அமைந்துள்ளது. வெள்ளம் கோயிலுக்குள் புகுந்து வெளியேறுகிறது; கல் கட்டடம் நிற்கிறது. நீர் ஏறும் அறிகுறி கண்டதும் உற்சவ மூர்த்தியைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துச் செல்வர். நனைந்தால் கெடாதது கீழே, கெடுவது மேலே என்ற இம்முறையை ஆற்றங்கரையில் கட்டும் எவரும் கொள்ளலாம். மின்சாரப் பெட்டி, தானியம், பத்திரங்கள், ஆஸ்பத்திரியாயின் மருந்தும் மின் உற்பத்தி யந்திரமும் கீழ்த்தளத்தில் இருத்தலாகாது.

எவ்வளவு சிறந்த அமைப்பும் ஒரு வருஷம் கவனிப்பின்றி விடப்பட்டால் கெட்டுப்போம். புரட்டாசி முடியுமுன் கூரையைப் பெருக்கி, குழாய்வாயில் சேர்ந்த இலைச்சருகை அகற்றி, குழிக்கு முன்னுள்ள வண்டல் தொட்டியை வாரிவிட வேண்டும். முதல் மழை நீரைத் தொட்டிக்கு விடாமல் வெளியே திருப்புதல் நன்று. பின்னர் ஒரு குடம் நீரை மாடியில் ஊற்றி, அது தெரு வடிகாலை அடையும்வரை பின்தொடர்ந்து பார்த்து, தடைப்பட்ட இடத்தை அன்றே சரிசெய்து கொள்ளலாம்.