பீங்கானின் என்பும் தசையும்

பீங்கானைக் காணாதார் இலர். அஃது எதனால் ஆயது என வினவுவார் சிலரே. கண்ணாடியைப்போல் ஒளியை உள்விடுவதும், சுட்ட மண்ணைப்போல் உருக்குலையாது நிற்பதும் ஒரே கலத்தின்கண் அமைந்தது எங்ஙனம்? அதன் மூலப்பொருள் இரண்டாதலே காரணம்.

தென்சீனத்துக் கியாங்சி மாகாணத்திலே ஜிங்தெசென் என்னும் நகர் பீங்கானுக்குப் பெயர் பெற்றது. அதனை அடுத்த காவ்லிங் என்னுமிடத்தில் ஒருவகை வெண்களி அகழப்பட்டது. 'உயர்ந்த மேடு' எனப் பொருள்படும் அப்பெயரே திரிந்து, கயோலின் என அக்களிக்கு ஆயிற்று. பெல்ஸ்பார் முதலிய பாறைக்கூறுகள் நெடுங்காலம் நீரால் சிதைவுற்று இக்களியாகின்றன.

மற்றொன்று பீங்கான்கல். படிகக்கல்லும், காக்காய்ப்பொன் இனத்து நுண்தகடுகளும் இதிற் செறிந்துள்ளன. நீரோட்டத்தால் இயங்கும் உலக்கைகளால் இதனை இடித்து, நீரிற் கலக்கித் தெளியவைத்து, படிந்த நுண்மாவைச் சிறு வெண்கட்டிகளாக்குவர். 'பெதுன்சே' என்பது அக்கட்டியின் பெயர்.

சூளையின் வெப்பம் ஏறத்தாழ 1300 பாகை சென்டிகிரேடை எட்டுங்கால், கல்லின் காக்காய்ப்பொன் கூறு உருகிக் கண்ணாடியாகி நுண்துளைகளை நிரப்புகின்றது. களியோ எளிதில் உருகாது கலத்தின் வடிவைத் தாங்குகின்றது. அன்றியும், முல்லைட்டு என்னும் ஊசி போன்ற படிகங்களை ஈன்று அக்கண்ணாடியை இறுகப் பிணிக்கின்றது. கல் மிகுமாயின் அவ்வெப்பத்திற் கலம் தளர்ந்து சாயும். களி மிகுமாயின் துளை மூடாது, ஒளியும் புகாது. முற்காலத்தே ஜிங்தெசெனில் கல்லொன்றாலேயே கலம் செய்தனர். களியைக் கூட்டியபின்னரே மிக்க வெப்பம் பொறுக்கும் பெருங்கலங்கள் எளிதாயின.

அந்நகரில் வாழ்ந்த தாந்த்ரகோல் என்னும் பிரெஞ்சு இயேசு சபைக் குரு, 1712-லும் 1722-லும் தாம் விடுத்த கடிதங்களில் இத்தொழிலை விரித்துரைத்தார். மேனாட்டார் சிலர் வெண்கட்டிகளை மட்டும் கொண்டுபோய்க் கலம் வனைய முயன்று தோற்றனராம். என்பின்றித் தசையாலேயே உடலமைக்கப் புகுந்தார்களே என்று சீன வணிகர் ஒருவர் நகைத்தனர் என அவர் எழுதுகின்றார். களியே என்பு, கல்லே தசை.

அக்கடிதங்களைக் கற்ற வில்லியம் குக்வொர்தி என்னும் ஆங்கில மருந்து வணிகர், கார்ன்வாலிலே இவ்விரு பொருளையும் தேடிக் கண்டு, 1768-ல் பீங்கான் செய்யும் தனியுரிமை பெற்றார். கட்டியைக் கொண்டு சென்றோர்க்குக் கைகூடாதது, இரண்டின் தொழிலையும் பகுத்தறிந்தார்க்குக் கைகூடியது.

மெல்லிய பீங்கான் கிண்ணமொன்றை விளக்கொளிக்கு நேரே பிடித்துப் பார்மின். ஊடே வரும் ஒளி கல்லின் கொடை, வளையாது நிற்கும் விளிம்பு களியின் கொடை.