மினிக்காய்த் தீவு கற்பிக்கும் பாடம்

கரையான்சாவடிச் சாலையில் தண்ணீர் லாரிகள் செல்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அந்நீரில் ஒரு பகுதி சுற்றுப்புறக் கிராமங்களின் நிலத்தடியிலிருந்து எடுக்கப்படுவது. இவ்வாறு எடுத்துக்கொண்டே போனால் முடிவு என்னவாகும்? இவ்வினாவுக்கு விடை காண, நாற்புறமும் உப்பு நீர் சூழ்ந்த ஒரு சிறு தீவைப் பற்றி அறிதல் நலம்.

இலட்சத்தீவுக் கூட்டத்தின் தென்கோடியில் இருப்பது மினிக்காய். பிறை வடிவான இப்பவளத் தீவின் பரப்பு ஐந்து சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 10,447. ஆறோ மலையோ கிடையாது. ஜூன் முதல் பெய்யும் தென்மேற்குப் பருவ மழையே இத்தீவின் பெரும் செல்வம். பவள மணலில் இறங்கும் மழைநீர், கனம் மிகுந்த கடல் நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. அளவுடன் இறைத்தால் கிணற்றில் நன்னீர் கிடைக்கும். அளவு மீறினால் அடியிலுள்ள உப்பு நீர் மேலேறிவிடும். இக்குறையைத் தணிக்க, 2011இல் அங்குக் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அதனை வடிவமைத்தது நம் சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமேயாகும்.

இத்தீவினர் மஹல் மொழி பேசுவோர். சூரை மீன் பிடிப்பதிலும் கப்பல் தொழிலிலும் தேர்ந்தவர்கள். இங்குள்ள சிற்றூர்கள் பதினொன்று. 1994ஆம் ஆண்டின் பஞ்சாயத்து ஒழுங்குமுறை வருவதற்குப் பல தலைமுறைகள் முன்னரே, ஒவ்வோர் ஊருக்கும் ஆண் தலைவர் ஒருவரும் பெண் தலைவி ஒருவரும் இருக்கும் முறை அங்கே வேரூன்றியிருந்தது. ஊர்ப் பொது இல்லத்தைப் பேணுதல், படகுகளைக் கரையேற்றுதல் போன்ற பணிகளை ஊரார் கூடியே செய்துவந்தனர். பொதுச் சொத்து அனைவரின் பொறுப்பு என்பதே இம்முறையின் உயிர்நாடி.

தீவின் கதை நமக்கு எதற்கு என்று எண்ணலாகாது. நம் திருவள்ளூர் மாவட்டத்து மீஞ்சூர்ப் பகுதியில், அளவுக்கு மிஞ்சி நீர் இறைத்ததனால் கடல் நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உட்புகுந்துவிட்டது. உட்பகுதியிலுள்ள நமக்கு உப்பேறும் அச்சம் குறைவாயினும், கிணறு வறளும் அச்சம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத நீரும் ஊர்ப் பொதுச் சொத்தே.

ஆகவே, பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் ஊரிலுள்ள கிணறுகளையும் ஆழ்குழாய்களையும் கணக்கெடுத்து, கோடையிலும் மழைக்குப் பின்னும் நீர்மட்டத்தை அளந்து பதிவேட்டில் எழுதிவருவார்களாக. ஏரியின் வரத்துக் கால்வாயை மழைக்கு முன்பே தூர் வாருதல் வேண்டும். மார்ச் 22இல் கூடும் கிராம சபையில், பெண்களும் விவசாயிகளும் அமர்ந்திருக்க, அப்பதிவேட்டை உரக்கப் படிப்பது நன்று. இருப்பை அறிந்த ஊரே செலவை அடக்கி ஆளும்.