தொட்டி தூக்கும் நேரம்

அன்புள்ள கண்ணு,

ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது, அடுத்த மாதம் கிரஷரில் டிப்பர் ஓட்டப் போகிறாய் என்று உன் அப்பன் போனில் சொன்னான். வண்டி புதுசு, கேபினில் ஏ.சி. இருக்கிறது என்று உன்னைவிட அவனுக்குத்தான் பெருமை. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்று சட்டமே வந்துவிட்டது. வரவேண்டிய சட்டம், ரொம்பத் தாமதமாக வந்திருக்கிறது.

‘அந்தக் காலத்தில் நாங்கள்’ என்று பெரியப்பா ஆரம்பித்துவிடுவாரோ என்று பயப்படாதே. பழைய டிப்பர்கள் நன்றாக இருந்தன என்று ஒருவன் சொன்னால், அவன் அவற்றை ஓட்டியவனாக இருக்கமாட்டான், ஓனராக இருந்திருப்பான். டாடா 1210 என்று ஒரு வண்டி. 12 என்பது மொத்த எடை டன்னில், 10 என்பது 100 குதிரைசக்தி வாக்கில் என்று கணக்கு. அதில் வந்த 697 இன்ஜினுக்கு 6 சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மில்லிமீட்டர் விட்டம். பெயரிலேயே எல்லாம் இருக்கும். இன்ஜினில் பாதி கேபினுக்குள் உட்கார்ந்திருக்கும். சித்திரை வெயிலில் இடது காலைச் சாக்கு போட்டு மூடிக்கொண்டு ஓட்டுவோம். எனக்கு இடது காது மந்தமானது அந்த இன்ஜின் பக்கம் இருந்த காது என்பதால்தான். பவர் ஸ்டியரிங் இல்லாத லேலண்ட் காமெட்டை லோடோடு திருப்பினால் தோள்பட்டை இரண்டு நாளைக்குப் பேசும். கம்பெனியிலிருந்து சேஸாக வரும், நாமக்கல்லில் மரத்தில் கேபின் கட்டுவார்கள், மழை வந்தால் உள்ளேயும் பெய்யும்.

ஆனால் அந்த வண்டிகளில் எதுவும் மறைவாக நடக்காது. பாரம் கூடினால் ஸ்டியரிங்கில் தெரியும். பிரேக் சூடேறினால் மூக்குக்குத் தெரியும். ஸ்பிரிங் பட்டை விட்டுப்போனால் இடுப்புக்குத் தெரியும். உன் வண்டியில் ஸ்டியரிங் ஒற்றை விரலுக்குத் திரும்பும், கண்ணாடி ஏற்றிவிட்டால் வாடையும் வராது, சத்தமும் வராது. எங்களுக்கு வேண்டாமென்றாலும் வந்து சேர்ந்த சேதியை நீ தேடிப் போய் வாங்க வேண்டியிருக்கும். எங்கே, எப்போது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் ஓட்டியதெல்லாம் உள்ளூர் டிரான்ஸ்போர்ட்காரர்களிடம். நாமக்கல், ராசிபுரம், சங்ககிரிப் பக்கம் நாலைந்து வண்டி வைத்திருப்பவர்கள். பாதிப்பேர் தாங்களே டிரைவராக இருந்து ஓனர் ஆனவர்கள். சங்ககிரிச் சுண்ணாம்புக்கல், மோகனூர் ஆற்று மணல், ஜல்லி என்று கிடைத்த லோடு எல்லாம் அடிப்போம். ஆனால் டிப்பர் தொழிலைச் சொல்லிக்கொடுத்தது கொல்லிமலை பாக்சைட்தான். மேட்டூரில் 1965 வாக்கில் தொடங்கிய அலுமினிய ஆலைக்கு ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் போனது. ஒரு டன் அலுமினியத்துக்கு நாலு டன்னுக்குக் குறையாமல் பாக்சைட் வேண்டும். ஆகவே நடைக்குப் பஞ்சமில்லை. 2008 வாக்கில் மலையில் வெட்டுவது நின்றது. நின்றது மலைக்கு நல்லது என்றுதான் எனக்குப் படுகிறது. சோறு போட்ட தொழிலைப் பற்றி அப்படிச் சொல்லலாமா என்று உன் பெரியம்மா கோபித்துக்கொள்வாள்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவு. மற்ற மலைகளுக்கு லோடு ஏற்றிப் போய்க் காலியாக இறங்குவார்கள். எங்களுக்குத் தலைகீழ். காலியாக ஏறி, லோடோடு இறங்க வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘ஏறிய கியரிலேயே இறங்கு’ என்று டிரைவிங் ஸ்கூலில் உனக்குச் சொல்லியிருப்பார்கள். காலி வண்டி மூன்றாவது கியரில் ஏறிய வளைவை லோடோடு மூன்றாவதில் இறங்கினால் வண்டி உன் கையில் இருக்காது. இதே லோடோடு இந்த மேட்டை ஏறினால் எந்த கியர் போட வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பார்த்து அதைப் போட வேண்டும். உன் கிரஷர் குவாரியும் பள்ளத்திலோ கரட்டின் மேலோதான் இருக்கும். கரட்டின் மேல் என்றால் உனக்கும் எங்கள் கணக்குதான்.

பிரேக் எதற்கு இருக்கிறது என்று கேட்பாய். 16 டன் வண்டி 1000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது அந்த எடையின் சக்தி முழுவதும் சூடாக எங்கேயாவது போயாக வேண்டும். அந்தச் சூட்டில் 500 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அவ்வளவையும் பிரேக் டிரம்மின் தலையில் கட்டினால் டிரம் விரியும், லைனிங் பிடிமானம் இழக்கும், பெடல் கீழே போகும், வண்டி நிற்காது. தாழ்ந்த கியரில் இறங்கினால் அந்தச் சூட்டில் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் இன்னும் நல்லது. பிரேக்கை மேலாக மிதித்தபடியே வராதே. அழுத்திப் பிடி, வேகம் குறைந்ததும் முழுசாக விடு, டிரம் ஆறட்டும். விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே இருந்தால் காற்றுத் தீர்ந்துவிடும். ஏர் மீட்டர் முள்ளில் ஒரு கண் இருக்கட்டும்.

கியரை இறக்கம் தொடங்குமுன் போட்டுவிடு. பழைய பெட்டியில் டபுள் கிளட்ச் அடிக்க வேண்டும். பாதி இறக்கத்தில் கியர் மாற்றப் போய்த் தப்பினால் நியூட்ரலிலேயே மாட்டிக்கொள்வோம், பிறகு எந்த கியரும் உள்ளே போகாது. புதுப் பெட்டி லகுவாக விழும் என்றாலும் வேகம் மீறிவிட்டால் அதுவும் ஏற்காது. டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொப்பூர் கணவாயில் கவிழ்ந்து கிடக்கும் லாரிகளை நீயே பார்த்திருப்பாய். இன்ஜினை அணைத்தே விட்டால் காற்றடிக்கும் கம்ப்ரசரும் நிற்கும், பவர் ஸ்டியரிங்கும் கட்டையாகும். மிச்சம் பிடித்த டீசல் ஆஸ்பத்திரிக்கு ஆகாது.

இதெல்லாம் எந்த லாரிக்கும் பொருந்தும். மற்ற லாரிக்காரனுக்கு வண்டி நின்றால் வேலை முடிந்தது. நமக்கு நின்ற பிறகுதான் ஆரம்பிக்கிறது.

12 அடித் தொட்டியை முழுசாகத் தூக்கினால் அதன் முன்முனை தரையிலிருந்து 14, 15 அடி உயரத்தில் இருக்கும். உன் வண்டித் தொட்டி அதைவிட நீளம், இன்னும் மேலே போகும். அந்த உயரத்தில் பாரம் இருக்கும்போது பின் சக்கரம் ஒரு பக்கம் 4 அங்குலம் புதைந்தால், உச்சி 8, 9 அங்குலம் அந்தப் பக்கம் சாயும். ஆகவே கொட்டச் சொன்ன இடத்துக்கு அப்படியே ரிவர்ஸ் எடுக்காதே. இறங்கி நட. குதிகாலால் மிதித்துப் பார். புதிதாக மண் நிரப்பிய மனை, கிணற்றங்கரை, மழை பெய்த மறுநாள் வயலோரம், இவை மூன்றும் ஆகாது. வீட்டு வேலைக்கு லோடு கொண்டுபோனால் செப்டிக் டேங்க் எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் பின்னால் எடுக்க வேண்டும். மேஸ்திரி ‘வா வா’ என்று கை காட்டுவான். வண்டி சாய்ந்தால் அவன் ஒதுங்கிக்கொள்வான்.

பிறகு மேலே பார். கம்பி தொங்குகிறதா? மின்கம்பி வயல்வெளியில் சாலையைவிடத் தாழ்வாகவே போகும், பழசானால் இன்னும் தொய்ந்திருக்கும். தொட்டி கம்பியைத் தொட்டுவிட்டால் கேபினிலேயே உட்கார். கிட்டே வராதே என்று கத்து. தொட்டியை இறக்க முடிந்தால் இறக்கு. வண்டி தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால் இரண்டு காலையும் சேர்த்துத் தூரக் குதி. ஒரு கை வண்டியிலும் ஒரு கால் தரையிலும் இருந்தால் மின்சாரம் உன் வழியாகத்தான் இறங்கும். குதித்த பிறகும் எட்டி நடக்காமல் பாதத்தைத் தரையில் தேய்த்தபடி விலகிப் போ.

இனிக் காதுக்கு வேலை. இன்ஜின் சக்தியைத் தொட்டி பம்புக்குத் திருப்பும் பி.டி.ஓ.வைப் போட்டுத் தொட்டி எழும்பத் தொடங்கியதும் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது; பம்பு முனகும், அவ்வளவுதான். பின்கதவு இடுக்கில் பொடிக்கல் நாலு உதிரும். அப்புறம் அடித்தகட்டில் ஒரு கரகரப்பு, முதலில் ஒரு ஓரமாக, பிறகு அகலமாக. அந்தக் கரகரப்பு கேட்ட மறு நொடியே மொத்தமும் இறங்கும். பட்டை நிமிரும், உன் சீட் உன்னைத் தூக்கிக் கொடுக்கும். காய்ந்த ஜல்லிக்கு முக்கால்வாசி தூக்குமுன்பே இந்தச் சத்தம் வந்துவிடும். வரவில்லை என்றால் மேலே தூக்காதே, அங்கேயே நிறுத்து. மழைக்கால பாக்சைட்டும் செம்மண்ணும் அடிபிடித்த சோறு மாதிரி முன்மூலையில் ஒட்டிக்கொள்ளும். பின்பாதி போய்விடும், முன்பாதி உச்சியில் நிற்கும். இப்படி நிற்கும் வண்டிதான் கவிழும்.

அப்போது அனுபவசாலி என்று பெயரெடுத்தவன் ஒருவன் வந்து, வண்டியை முன்னால் ஒரு வெட்டு வெட்டிப் பிரேக் அடி, விழுந்துவிடும் என்பான். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை விழும், அதனால்தான் அந்த யோசனை இன்னும் உயிரோடு இருக்கிறது. நீ தொட்டியை இறக்கி, மண்வெட்டி போட்டுக் கிளறிவிட்டு மறுபடி தூக்கு. கால் மணி நேரம் போகும், போகட்டும்.

தொட்டி தூக்கும்போது ஏ.சி.யை அணைத்து இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிடு, பாட்டை நிறுத்து. நான் சொன்ன கரகரப்பு மூடிய கேபினுக்குள் வராது.

தூக்கிய தொட்டிக்குக் கீழே முட்டுக் கொடுக்காமல் தலையை நீட்டாதே. கிரீஸ் வைக்கக்கூட வேண்டாம். ஜாக்கியைத் தாங்குவது எண்ணெய்தான். குழாய் ஒன்று பிய்ந்தால் உனக்குத் திரும்பிப் பார்க்கவும் நேரமிருக்காது. கொட்டி முடித்துத் தொட்டி முழுசாக அமர்ந்த பிறகு பி.டி.ஓ.வை எடு, அப்புறம் கிளம்பு. அதை எடுக்காமல் ஓட்டியவர்களின் தொட்டி தானாக எழும்பிப் பாலத்தில் இடித்த கதை ஊருக்கு ஒன்று உண்டு.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. மணலும் ஜல்லியும் யூனிட் கணக்கில் விற்கிறார்கள், ஒரு யூனிட் 100 கன அடி. போலீஸ் பார்ப்பது டன். காய்ந்த மணல் யூனிட்டுக்கு நாலரை டன் வரும், ஈர மணல் ஐந்தைத் தாண்டும். இரண்டு ஆக்சில் வண்டிக்கு மொத்த எடை முன்பு 16.2 டன், 2018-ல் 18.5 ஆக்கினார்கள். மூன்று ஆக்சிலுக்கு 25 என்பது 28.5 ஆனது. உன் வண்டிக்கு ஆர்.சி.யில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து, காலி எடையைக் கழித்து, எத்தனை யூனிட் என்று நீயே கணக்குப் போட்டு வைத்துக்கொள். அதிக பாரத்தோடு வண்டியை விடக்கூடாது, மிகுதியை அங்கேயே இறக்க வேண்டும் என்று 2005-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், அதோடு மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அபராதத்தை ஓனர் கட்டுவார் என்று நினைக்காதே. பல இடங்களில் டிரைவர் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். கிளம்புமுன் நடைச்சீட்டில் வண்டி நம்பரும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பார், தார்ப்பாயை இழுத்துக் கட்டு.

கடைசியாக, சேருவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: சம்பளம் மாதத்துக்கா, நடைக்கா? நடைக்கு இவ்வளவு என்றால் கையில் காசு கூடுதலாகத் தெரியும். நான் மேலே எழுதிய அத்தனைக்கும் நேரம் வேண்டும். இறங்கி நடந்து பார்க்க ஐந்து நிமிடம், டிரம் ஆறப் பத்து நிமிடம், மண்வெட்டிக்குக் கால் மணி. நடைக் காசில் அந்த நேரமெல்லாம் உன் பாக்கெட்டிலிருந்து போகும். எங்கள் செட்டில் நல்ல கைப்பாங்கு உள்ளவர்கள்கூட இறக்கத்தில் விரட்டியதற்கு அந்தக் காசுதான் காரணம், வேறு திமிர் ஒன்றும் இல்லை. மாதச் சம்பளம், அதற்கு மேல் தினப்படி என்று பேசிப் பார். உன் ஆள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சேருமுன் எனக்கு ஒரு போன் போடு. சேந்தமங்கலம் ரோட்டில் மாதச் சம்பளம் கொடுக்கிற ஓனர் ஒருவரைத் தெரியும். வண்டி கொஞ்சம் பழசு, ஏ.சி. கிடையாது.

இப்படிக்கு,
உன் பெரியப்பா