பணிவாழ்வில் ஊக்கம்: நான்கு அதிகாரங்கள் காட்டும் நெறி

கல்லூரியை விட்டுப் பணிக்குச் செல்லும் மாணவரை நோக்கி ‘ஊக்கத்தோடு உழையுங்கள்’ என்று கூறாத மேடை இல்லை. ஊக்கம் யாது, அஃது எங்கிருந்து பிறக்கிறது என்று விளக்குவார் சிலரே. திருக்குறளின் 60 முதல் 63 வரையுள்ள அதிகாரங்களின் துணைகொண்டு இவ்வினாவை நாம் நோக்குவோம்.

ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்பன அவை. அரசியல் என்னும் பகுதியின் இறுதியில் நிற்பதால் இவை அரசனுக்கே உரியன என ஒதுக்குதல் பொருந்தாது. உவமைகளைப் பாருங்கள்: நீரின் அளவுக்கு உயரும் மலர்த்தண்டு, தடைப்பட்ட இடமெல்லாம் தளராது இழுக்கும் பகடு. அரண்மனையில் காணும் காட்சிகளா இவை?

ஊக்கத்தை வள்ளுவர் ‘உடைமை’ என்கிறார். பிற பொருள்கள் நில்லாது நீங்கும். உள்ளத்து ஊக்கமே நிலைத்த செல்வம் என்பது அவர் கருத்து. மேலாண்மை நூல்கள் பேசும் ‘ஊக்குவித்தல்’ பிறர் செய்வது. ஊக்கமோ தனக்கே உரியது.

அமெரிக்க உளவியலறிஞர் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் தம் துணைவர் இருவருடன் 1959-இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டு நினைக்கத்தக்கது. பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் ஏறத்தாழ 200 பொறியாளரையும் கணக்காளரையும் அவர்கள் வினவினர். ஊதியமும் பணியிடச் சூழலும் குறைந்தால் கசப்புத் தோன்றும். அவை நிறைந்தால் கசப்பு நீங்குமேயன்றி ஆர்வம் பிறந்துவிடாது என்றனர். செய்துமுடித்த நிறைவு, பொறுப்பு, பணியின் இயல்பு ஆகியவற்றிலிருந்தே ஆர்வம் பிறக்கிறதாம். வெற்றியைத் தமக்கும் குறையைச் சூழலுக்கும் உரியதாக்கிச் சொல்வது மனித இயல்பாகலின் இம்முடிவை அப்படியே ஏற்க இயலாது என்று மறுத்தாரும் உளர். எவ்வாறாயினும், ஊதியத்தைக் குறைக்க விரும்பும் முதலாளிக்கு இஃது ஒரு சாக்காகிவிடக் கூடாது!

வள்ளுவர் கூலியை மறந்தவர் அல்லர். ஆள்வினையுடைமையில் ‘கூலி’ என்னும் சொல்லையே ஆள்கிறார். ஊழால் ஒரு செயல் கைகூடாது போயினும், உடல் வருந்திய அளவிற்குக் கூலி உண்டு என்கிறார். எண்ணியது முழுவதும் கிட்டும் என்று அவர் கூறவில்லை. இந்த அளவறிந்த பேச்சே நம்மைக் கவர்கிறது. போட்டித் தேர்வில் இடம் பெறாத இளைஞருக்கும் அவர் கற்ற கணக்கும் மொழியும் எஞ்சுகின்றன. அடுத்த வாயிலில் அவையே கைகொடுக்கின்றன. பதவி உயர்வு தாமதித்ததென்று மனமுடைவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

மடியின்மையில், காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், உறக்கம் ஆகிய நான்கும் கெடுவார் விரும்பும் கலன் எனப்படுகின்றன. கலன் என்பதற்கு மரக்கலம் என்றும் அணிகலன் என்றும் பொருள் கொள்வர். மரக்கலமே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது. அதில் அமர்ந்தவர் கரை அகல்வதை உடனே உணர்வதில்லை. பணி நிலைத்தபின் நூலைத் தொடாதவர், ஆசிரியர் உட்பட, அக்கலத்தில் ஏறியவரே.

பாடத்திட்டங்களில் ஓர் அதிகாரத்தை மட்டும் பிரித்து வைக்கும் வழக்கம் உண்டு. இந்நான்கையும் ஒருசேர, இறுதியாண்டு மாணவர் பணி நேர்காணலுக்குப் புறப்படுமுன் நடத்தலாம். மொத்தம் 40 குறட்பாக்களே. ஒரு திங்களுக்குள் முடியும்.