இமயத்தின் மேல் முதல் தடம்

கேள்வி: இரண்டாம் உலகப்போரில் இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோன பெருமை அமெரிக்க ராணுவத்துக்குத்தானே?
– வாசகர், ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா

பதில்: முழுப் பெருமையையும் அங்கே கொடுக்க மனம் ஒப்பவில்லை. சீன அரசும் பான் அமெரிக்கன் நிறுவனமும் கூட்டாக நடத்திய சிஎன்ஏசி என்ற பயணிகள் விமான நிறுவனம் 1941-லேயே அந்தத் தடத்தில் பறந்து பார்த்துவிட்டது. அதே ஆண்டு, குண்டுவீச்சில் ஓர் இறக்கையை இழந்த டிசி-3 விமானத்துக்கு, அளவில் சிறிய டிசி-2-இன் இறக்கையைப் பொருத்திப் பறந்து வந்தவர்கள் அவர்கள். உங்கள் வளைகுடாப் பகுதியில் வாழ்ந்து 2023-இல் 110 வயதில் மறைந்த மூன் சின், அந்த நிறுவனத்தின் விமானி. டோக்கியோ மீது குண்டு வீசிய டூலிட்டில் உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோரை, இருபத்துச் சொச்சம் பேருக்கான விமானத்தில் ஏற்றி, 1942-இல் பர்மாவின் மியித்கினாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ராணுவம் சுமந்த லட்சக்கணக்கான டன்களுக்கு முன் இதெல்லாம் எம்மாத்திரம் என்று கேட்கலாம். அளவில் நியாயம்தான். ஆனால் ராணுவ விமானிகள் அத்தடத்துக்குப் புதிதாக வந்தபோது, அங்கே ஏற்கெனவே பறந்து தேறியிருந்தவர்கள் இவர்கள்தான்.