தயக்கம் தீர முதல் இரண்டு வரி

தாங்கல்களில் சிலரைப் பார்க்கலாம். பணிவிடைக்குத் தவறாமல் வருவார்கள். விறகு சுமப்பார்கள், பாத்திரம் கழுவுவார்கள், அன்னதர்மத்துக்கு அரிசி தருவார்கள். ஆனால் "முன்னால் வந்து ஏடு வாசியுங்கள்" என்றால் மட்டும் பின்னால் போய்விடுவார்கள். "எனக்கு அதெல்லாம் வராது" என்பார்கள்.

இது பணிவு போலத் தோன்றும். பணிவு வேறு, பயம் வேறு. பணிவுள்ளவர் கொடுத்த வேலையைத் தாழ்மையோடு செய்வார். பயந்தவர் அந்த வேலையைத் தொடாமலே விலகிப் போவார்.

குமரி மாவட்டத்துத் தாங்கல் ஒன்றில் இப்படி ஒருவர் இருந்தார். கொத்து வேலை செய்பவர், ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். திருஏடு வாசிப்பு நாட்களில் அடுப்படியை விட்டு நகரமாட்டார். அங்கே ஏடு வாசித்து வந்த பெரியவருக்குக் கண் பார்வை குறைந்து வந்தது. அவருக்குப் பின் வாசிக்க ஆளில்லை. ஒருநாள் பெரியவர் அவரை அழைத்தார்.

"மக்கா, முழு ஏட்டையும் உன்னை வாசிக்கச் சொல்லல. விளக்கு வச்ச பிறகு தினம் ரெண்டு வரி வாசி. நான் மட்டுந்தான் கேப்பேன்."

"தப்பா வாசிச்சா அய்யாவுக்குக் குத்தமாயிராதா பெரியப்பா?"

"தப்பா வாசிச்சா நான் திருத்துவேன். வாசிக்காமலே இருந்தா எதைத் திருத்த?"

முதல் நாள் அந்த இரண்டு வரிக்கே கால் மணி நேரம் ஆனது. சேர்ந்து நிற்கும் சொற்களை எங்கே பிரிப்பது என்று தெரியவில்லை. பெரியவர் சொல்லச் சொல்ல, அச்சுப் புத்தகத்தில் பென்சிலால் சிறு கோடு போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் நான்கு வரி. ஆறு மாதத்தில் ஒரு பக்கம். மறு ஆண்டு வாசிப்பில், கூட்டம் குறைவான மதிய நேரத்தில் இரண்டு பக்கம் வாசித்தார். ஓரிடத்தில் தடுமாறினார். பெரியவர் சொல்லை எடுத்துக் கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. அதற்கடுத்த ஆண்டு மாலை வாசிப்பே அவர் பொறுப்பில் வந்தது. இன்றும் வாசிக்கத் தொடங்கும்போது அவர் கை நடுங்கத்தான் செய்கிறது. நான்கு வரி தாண்டியதும் நடுக்கம் நின்றுவிடுகிறது.

இதில்தான் பாடம் இருக்கிறது. பயம் தீர்ந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்பவருக்குப் பயம் தீர்வதே இல்லை. தொடங்கியவருக்கே அது கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்கிறது.

அகிலத்திரட்டு அம்மானை பிறந்த விதமும் இதையே காட்டுகிறது. கொல்லம் 1016-ஆம் ஆண்டு கார்த்திகை 27-இல், உறங்கிக்கொண்டிருந்த அரிகோபாலன் சீடரை எழுப்பி எழுதச் சொன்னார் அய்யா. சீடர் தம் அறிவுக் குறைவை எடுத்துச் சொல்லி, அடக்கத்தோடுதான் நூலைத் தொடங்குகிறார். ஆனால் குறையைச் சொன்னதோடு எழுத்தாணியைக் கீழே வைத்துவிடவில்லை. அய்யா சொல்லச் சொல்ல ஒவ்வொரு அடியாக எழுதினார். 15,000 அடிகளுக்கு மேல் வளர்ந்து நிற்கும் அகிலமும் ஒரே ஒரு முதல் அடியில்தான் தொடங்கியது.

அய்யாவின் தவமும் படிப்படியாகவே நடந்தது. ஆறு ஆண்டுத் தவத்தை இரண்டிரண்டு ஆண்டுகளாக மூன்று நிலைகளில் செய்தார். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழிக்குள் இருந்தார். அந்த நிலை முடிந்த பிறகே அடுத்த நிலைக்கு வந்தார்.

ஆகவே தயங்கும் அன்பர்கள் ஒரு சிறு காரியத்தை இன்றே தேர்ந்துகொள்ளட்டும். ஏடு வாசிக்க ஆசையுள்ளவர் வீட்டு விளக்கின் முன் இரண்டு வரி வாசிக்கலாம். உகப்படிப்பு தெரியாதவர், தெரிந்தவர் அருகில் நின்று மெல்லிய குரலில் கூடவே சொல்லலாம். பெரிய தர்மம் செய்ய வசதியில்லையே என்று வருந்துபவர் தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கலாம். ஒரு நாள் விட்டுப்போனால் மனம் தளர வேண்டாம். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

முன்னால் நிற்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. தடுமாறுபவரைப் பார்த்து ஒருவர் சிரித்தால் போதும், அவர் பிறகு வாயே திறக்கமாட்டார். சொல்லை எடுத்துக் கொடுங்கள், பொறுமையாகக் காத்திருங்கள்.

பள்ளியறைக் கண்ணாடி முன் நிற்கும்போது தலை குனிந்து நிற்க வேண்டாம். நிமிர்ந்து பாருங்கள். தலைப்பாகையும் திருநாமமுமாக அங்கே தெரியும் முகத்தைப் பார்த்து "உனக்கு வராது" என்று அய்யா ஒருநாளும் சொன்னதில்லை.

அய்யா உண்டு!